பேரலலாகப் போட்ட ஒயர்களின் மின்தடைக் கணக்கு: போர் லைன் முதல் மோட்டார் காயில் வரை

மேட்டாங்காட்டில் புதுசாகப் போர் போட்டாயிற்று. ஈபி சர்வீசும் ஸ்டார்ட்டரும் இருப்பதோ பழைய கிணற்று மேட்டு மோட்டார் ரூமில். நடுவில் ஆயிரம் அடி. 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள) கேபிள் ஒன்று இழுத்திருக்கிறது, ஆனாலும் மோட்டார் முக்குகிறது. "பழைய 6 ஸ்கொயர் ஒண்ணு சாளையில சும்மா கெடக்குதுங்க, அதையுஞ் சேத்துப் போட்டா வோல்டேஜ் நிக்குமுங்களா?" பல்லடம், சுல்தான்பேட்டை, காங்கேயம் பக்கம் எலக்ட்ரீசியன்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. வோல்டேஜ் கூடும். எத்தனை வோல்ட் கூடும், எந்த ஒயரில் எத்தனை ஆம்பியர் போகும் என்பதைக் கேபிளை இழுக்கும் முன்னாலேயே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். கணக்கு சின்னதுதான். அது பொய்த்துப்போகிற இடங்கள்தான் அதிகம். ஆகவே அவற்றுக்கு இங்கே கூடுதல் இடம்.

எதைக் கூட்டுவது

ஒன்றன்பின் ஒன்றாக, தொடர் இணைப்பில் போட்ட ஒயர்களின் தடையை அப்படியே கூட்டலாம். பக்க இணைப்பில், அதாவது பேரலலில், தடையைக் கூட்டக் கூடாது. அங்கே கூட்ட வேண்டியது கடத்துதிறனை. கடத்துதிறன் என்பது 1 ÷ தடை, அலகு மோ.

காரணம் எளிது. இரண்டு ஒயரின் இரு முனைகளும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம். மொத்த மின்னோட்டம் இரண்டிலும் பிரிந்து போகிறது. ஒவ்வொன்றிலும் போவது மின்னழுத்தம் ÷ அதன் தடை. இரண்டையும் கூட்டி, பொதுவாக உள்ள மின்னழுத்தத்தை நீக்கினால்:

1 ÷ மொத்தத் தடை = (1 ÷ த1) + (1 ÷ த2) + (1 ÷ த3) ...

இரண்டே ஒயர் என்றால் இதையே சுருக்கி, மொத்தத் தடை = (த1 × த2) ÷ (த1 + த2) என்று போடலாம். மூன்று ஒயருக்கு இந்தச் சுருக்கம் செல்லாது. மூன்றையும் பெருக்கி மூன்றின் கூட்டலால் வகுப்பவர்கள் பலர். தலா 6 ஓம் உள்ள மூன்று ஒயருக்கு அப்படிப் போட்டால் 216 ÷ 18 = 12 ஓம் வரும்; சரியான விடை 2 ஓம். சோதனை ஒன்றை மறக்காதீர்கள்: பேரலலில் மொத்தத் தடை, இருப்பதிலேயே குறைந்த தடையைவிடக் குறைவாகத்தான் வரும். அதற்கு மேலே வந்தால் கணக்கில் பிழை.

கடைக் கால்குலேட்டரில் 1 ÷ த1 போட்டு எம்-பிளஸ், 1 ÷ த2 போட்டு எம்-பிளஸ், கடைசியில் 1 ÷ எம்ஆர். எத்தனை ஒயர் ஆனாலும் இது போதும். சுருக்க வாய்பாட்டைவிட இதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு ஒயரின் தடை

தடை = மின்தடை எண் × நீளம் ÷ குறுக்குப் பரப்பு. நீளத்தை மீட்டரிலும் பரப்பைச் சதுர மில்லிமீட்டரிலும் போட்டால், 20 டிகிரியில் செம்புக்கு 0.01724, அலுமினியத்துக்குச் சுமார் 0.0282.

கேபிளுக்கு இதைவிடத் தரப்பட்டியல் எண்ணே நம்பகமானது. இழை ஒயருக்கு 20 டிகிரியில் ஒரு கிலோமீட்டருக்கான உச்ச வரம்பு: செம்பு 4 ஸ்கொயர் 4.95 ஓம், 6 ஸ்கொயர் 3.30 ஓம், 10 ஸ்கொயர் 1.91 ஓம். அலுமினியம் 16 ஸ்கொயருக்கும் அதே 1.91 ஓம்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இழை ஒயரே ஒரு பேரலல் இணைப்புதான். 4 ஸ்கொயரின் தோலை உரித்தால் பெரும்பாலும் 0.3 மி.மீ. இழைகள் 56 இருக்கும். ஒரு இழையின் பரப்பு 0.0707, தடை கிலோமீட்டருக்கு 244 ஓம். 56-ஆல் வகுத்தால் 4.36 ஓம். பட்டியலில் 4.95 என்று இருப்பது உச்ச வரம்பு. முறுக்கினால் இழையின் நீளம் கூடுவது, இழைத் தடிமனில் வரும் சிறு வேறுபாடு இவற்றுக்கெல்லாம் அதில் இடம் விட்டிருக்கிறது. பிளேடால் தோல் சீவும்போது எட்டு இழை அறுந்தால் ஆயிரம் அடி லைனின் தடை ஏறக்குறைய மாறாது. அந்த இரண்டு சென்டிமீட்டரில் மட்டும் தடை 17 சதவீதம் கூடும். அதைவிடக் கெடுதல், இழை குறைந்த ஒயரை டெர்மினல் திருகு இறுகப் பிடிக்காது என்பதுதான்.

வெப்பத்தைச் சேர்க்காமல் விடாதீர்கள். செம்பின் தடை டிகிரிக்கு 0.393 சதவீதம் கூடும். சித்திரை வெயிலில் வரப்போரம் கிடக்கும் கேபிள் 50 டிகிரியில் இருந்தால் 20 டிகிரி எண்ணை 1.118-ஆல் பெருக்க வேண்டும். இரண்டு ஒயரும் ஒரே சூட்டில் இருந்தால் பங்கீடு மாறாது, வோல்டேஜ் இழப்பு மட்டும் கூடும்.

மேட்டாங்காட்டு லைன்

ஆயிரம் அடி என்பது 305 மீட்டர், அதாவது 0.305 கி.மீ. மோட்டார் 7.5 எச்பி, மூன்று பேஸ், நேரடி ஸ்டார்ட்டர். பெயர்த்தகட்டில் 12 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மோட்டாருக்குத் தகட்டில் உள்ளதையே போடுங்கள்.

4 ஸ்கொயர், ஒரு கோர் (கேபிளுக்குள் இருக்கும் தனி ஒயர்): 4.95 × 0.305 = 1.51 ஓம்.

6 ஸ்கொயர், ஒரு கோர்: 3.30 × 0.305 = 1.007 ஓம்.

கடத்துதிறன்: 0.662 + 0.993 = 1.655 மோ. மொத்தத் தடை 1 ÷ 1.655 = 0.604 ஓம். புதிதாக 10 ஸ்கொயர் வாங்கி இழுத்தால் 1.91 × 0.305 = 0.583 ஓம். ஆக, சாளையில் கிடந்த கேபிள் ஏறக்குறைய 10 ஸ்கொயரின் வேலையைச் செய்துவிடுகிறது.

மூன்று பேஸ் லைனில் வோல்டேஜ் இழப்பு = 1.732 × ஆம்பியர் × ஒரு கோரின் தடை × பவர் ஃபேக்டர். இங்கே போக ஒன்று, வர ஒன்று என்று நீளத்தை இரட்டிக்கக் கூடாது. அது சிங்கிள் பேஸுக்கு மட்டும். பவர் ஃபேக்டரை 0.85 என்று எடுத்தால்:

4 ஸ்கொயர் மட்டும்: 1.732 × 12 × 1.51 × 0.85 = 26.7 வோல்ட். 50 டிகிரியில் 29.8.

இரண்டும் சேர்ந்து: 1.732 × 12 × 0.604 × 0.85 = 10.7 வோல்ட். 50 டிகிரியில் 11.9.

மோட்டார் ரூமில் 380 வோல்ட்தான் வருகிறது என்றால், முன்பு போர் வாயில் 350, இப்போது 368. இந்தப் பதினெட்டு வோல்ட்தான் முக்கலுக்கும் சீரான ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். தோட்டத்து மின்சாரம் இலவசம் என்பதால் ஒயரில் வீணாகும் வாட்டை யாரும் கணக்கிடுவதில்லை. ஆனால் மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்தால் அதே தண்ணீரை ஏற்ற அது கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அதனால் லைனில் இழப்பும் கூடும், வைண்டிங்கும் சூடேறும். கிளம்பும் நேரத்தில் ஓட்ட ஆம்பியரைப் போல ஐந்தாறு மடங்கு இழுப்பதால் இழப்பும் சில மடங்காகிறது. காலையில் கிளம்புகிற மோட்டார் எல்லாரும் ஓட்டும் நேரத்தில் கிளம்ப மறுப்பது இதனால்தான்.

அடுத்து, ஆம்பியர் பங்கீடு. ஒவ்வொரு ஒயரும் தன் கடத்துதிறனுக்கு ஏற்பப் பங்கு எடுக்கும். 4 ஸ்கொயர்: 12 × 0.662 ÷ 1.655 = 4.8 ஆம்பியர். 6 ஸ்கொயர்: 7.2 ஆம்பியர். இந்த இரண்டு எண்ணையும் ஸ்டார்ட்டர் மூடியின் உட்புறம் எழுதி வைத்துவிடுங்கள். லைன் போட்டு முடித்ததும் கிளாம்ப் மீட்டர் இதைத்தான் காட்ட வேண்டும்.

கணக்கு பொய்க்கும் இடங்கள்

முதல் எதிரி ஜாயின்ட். 6 ஸ்கொயர் பழைய கேபிள், நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று இருக்கிறது, துரு ஏறி அரை ஓம் தடை வைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள். அரை ஓம் அந்த ஒயருக்குத் தொடர் இணைப்பில் சேரும்: 1.007 + 0.5 = 1.507. இப்போது அதன் தடை 4 ஸ்கொயரின் தடைக்குச் சமமாகிவிட்டது. ஆளுக்கு 6 ஆம்பியர், மொத்தத் தடை 0.604-லிருந்து 0.754-க்கு ஏறிவிட்டது. போட்ட தடித்த கேபிளின் பயனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அந்த ஒரு முறுக்கில் போய்விட்டது. அது மட்டுமல்ல, அந்த முறுக்கில் 6 × 6 × 0.5 = 18 வாட் சூடு. விரல் நீள இடத்தில் 18 வாட் என்றால் டேப் உருகும், தோல் கருகும், துரு இன்னும் கூடும், தடை இன்னும் ஏறும். சேர்க்கும் இடத்தில் செம்பு ஃபெரூல் போட்டு கிரிம்ப் செய்யுங்கள். முடிந்தால் கேபிளில் நடு ஜாயின்ட்டே இல்லாத பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது நீளம். 4 ஸ்கொயர் நேராகப் போகிறது, 6 ஸ்கொயர் வாய்க்காலோரம் சுற்றிக்கொண்டு 400 மீட்டர் போகிறது என்றால் அதன் தடை 1.32 ஓம். மொத்தம் 0.704 ஆகும், 4 ஸ்கொயரின் பங்கு 4.8-லிருந்து 5.6 ஆம்பியருக்கு ஏறும். இந்த உதாரணத்தில் அது தாங்கும். சுமை அதிகமான லைனில் குட்டைக் கேபிள்தான் முதலில் கருகும். ஒரே உலோகம், ஒரே தடிமன், ஒரே நீளம் என்பதே பேரலல் கேபிளுக்கு உரிய நல்ல வழக்கம். இருப்பதை வைத்துச் சமாளிக்கும்போது மட்டும் மேலே போட்ட மாதிரிக் கணக்கு. அப்போதும், ஒரு கேபிள் அறுந்தால் மற்றது தனியாக முழு ஆம்பியரையும் தாங்குமா என்று பாருங்கள். 4 ஸ்கொயர் செம்பு 12 ஆம்பியரைத் தாங்கும், ஆகவே இங்கே பயமில்லை. தாங்காது என்றால் ஒவ்வொரு கேபிளுக்கும் தனித்தனி ஃப்யூஸ் வேண்டும்.

அலுமினியமும் செம்பும் சேரலாமா? கணக்குப்படி சேரலாம். 16 ஸ்கொயர் அலுமினியமும் 10 ஸ்கொயர் செம்பும் ஒரே நீளத்தில் போட்டால் சரிபாதியாகப் பங்கு பிரியும். ஆனால் இரண்டு உலோகத்தையும் நேரடியாக முறுக்கினால் ஈரம் பட்டு அலுமினியம் அரிக்கும். இரட்டை உலோக லக் போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, பேஸ்களைப் பிரிக்கும் விதம். ஒவ்வொரு கேபிளிலும் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் போக வேண்டும். இரு கேபிளின் சிவப்பும் ஒன்றாக, மஞ்சளும் ஒன்றாக, நீலமும் ஒன்றாக. ஒரு கேபிளின் மூன்று கோரையும் முறுக்கி ஒரே பேஸாக ஓட்டினால் அதைச் சுற்றியுள்ள இரும்புக் குழாயோ ஆர்மரோ சூடேறும். நிறம் வெளுத்துப்போன பழைய கேபிளில் சிவப்பும் மஞ்சளும் மாறிச் சேர்ந்துவிட்டால் நேரடி ஷார்ட். ஆகவே இரு முனையும் கட்டிய பிறகு, ஸ்டார்ட்டரிலும் மோட்டாரிலும் சேர்க்கும் முன்னால், பேஸுக்குப் பேஸ் கன்டினியூட்டி பாருங்கள். மூன்று பேஸும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் காட்ட வேண்டும்.

வேலை செய்யும்போது மெயினை அணைத்து ஃப்யூஸ் கேரியரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே பல தோட்டங்களில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது. மூன்று பேஸ் வந்த நொடியில் தானே ஏற்றிவிடும். செல்போன் ஸ்டார்ட்டர் என்றால் ஊரிலிருக்கும் யாரோ போட்டுவிடலாம். ஸ்டார்ட்டரின் ஆஃப் பட்டனை நம்பி ஒயரைத் தொடாதீர்கள்.

போருக்குள் இரண்டு கேபிள் இறங்குவதைப் பார்த்து "அது பேரலல்தானே" என்று எண்ணுவதும் தவறு. ஸ்டார்-டெல்டா மோட்டாரில் (ஸ்டார் இணைப்பில் கிளம்பி டெல்டா இணைப்பில் ஓடுவது) இறங்கும் ஆறு ஒயரும் மூன்று வைண்டிங்கின் ஆறு தனி முனைகள். டெல்டாவில் ஓடும்போது ஒவ்வொரு ஒயரிலும் லைன் ஆம்பியரில் 58 சதவீதம் போகும், பாதி அல்ல. பேரலல் வாய்பாட்டை அங்கே போட்டால் கேபிள் தேர்வு சிறியதாகிவிடும்.

ரீவைண்டிங்கில் இரட்டைக் கம்பி

ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கிய ஊர் கோவை. இந்த வட்டாரத்துப் பட்டறைகளுக்கு மிகப் பழைய மோட்டார்களும் வரும். அதில் இருந்த கேஜ் (கம்பித் தடிமன் எண்) கையில் இருக்காது. அப்போது இரண்டு மெல்லிய கம்பியை ஒன்றாக விட்டுச் சுற்றுவார்கள். இதுவும் பேரலல் கணக்குதான். இரண்டும் ஒரே உலோகம், ஒரே நீளம் என்பதால் பரப்பைக் கூட்டினாலே போதும்.

நம் பட்டறைகளில் புழங்கும் எஸ்டபிள்யூஜி (பிரிட்டிஷ் கம்பி அளவுமுறை) கேஜின் விட்டமும் பரப்பும்:

17 கேஜ்: 1.422 மி.மீ., 1.589 ச.மி.மீ.
18 கேஜ்: 1.219 மி.மீ., 1.167 ச.மி.மீ.
19 கேஜ்: 1.016 மி.மீ., 0.811 ச.மி.மீ.
20 கேஜ்: 0.914 மி.மீ., 0.657 ச.மி.மீ.
21 கேஜ்: 0.813 மி.மீ., 0.519 ச.மி.மீ.
22 கேஜ்: 0.711 மி.மீ., 0.397 ச.மி.மீ.

18 கேஜுக்கு மாற்று வேண்டும். 20-ம் 21-ம் சேர்த்தால் 0.657 + 0.519 = 1.176. நன்றாகப் பொருந்துகிறது. மீட்டருக்குத் தடை: 20 கேஜ் 0.01724 ÷ 0.657 = 0.0262 ஓம், 21 கேஜ் 0.0332 ஓம், பேரலலில் 0.0147. தனி 18 கேஜுக்கு 0.0148. மூன்று 22 கேஜ் சேர்த்தால் 1.19, அதுவும் சரி. இரண்டு 22 மட்டும் விட்டால் 0.794தான். தடை 1.47 மடங்காகும், மோட்டார் சூட்டில் போகும்.

மூன்று கேஜ் இறங்கினால் பரப்பு பாதி என்று வீடியோக்களில் சொல்வது அமெரிக்க ஏடபிள்யூஜி கணக்கு. எஸ்டபிள்யூஜி-யில் 18-லிருந்து 21-க்கு இறங்கினால் பரப்பு 44 சதவீதமாகிவிடும். இரண்டு 21 போட்டால் 1.038, 18 கேஜைவிட 11 சதவீதம் குறைவு. பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்துப் பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

மைக்ரோமீட்டரில் அளக்கும்போது எனாமலைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். விட்டம் இரண்டு சதவீதம் பிசகினால் பரப்பு நான்கு சதவீதம் பிசகும். இரண்டு கம்பிக்கு இரண்டு எனாமல் உறை என்பதால் ஸ்லாட்டில் கொஞ்சம் கூடுதல் இடம் பிடிக்கும். முழுக் காயிலையும் சுற்றும் முன்னால் ஒரு ஸ்லாட்டில் நிரப்பிப் பார்த்துவிடுங்கள். சுற்று எண்ணிக்கையை இரட்டிக்கக் கூடாது. நாற்பது சுற்று என்றால் இரண்டு கம்பியும் சேர்ந்து நாற்பது. முனையில் இரண்டு கம்பியின் எனாமலையும் முழுதாக நீக்கிச் சேர்க்க வேண்டும். ஒன்று ஒட்டாமல் போனால் மோட்டார் ஓடத்தான் செய்யும், ஆனால் முழு ஆம்பியரையும் ஒரே கம்பி சுமக்கும்.

இரட்டைக் கம்பியும் இரட்டைப் பாதையும் வேறு வேறு. ஒரு பேஸின் எல்லாக் காயிலும் தொடராக இருந்து தடை 4 ஓம் என்றால், அதே காயில்களை இரண்டு குழுவாக்கிப் பேரலலில் கட்டினால் ஒவ்வொரு குழுவும் 2 ஓம், மொத்தம் 1 ஓம். பாதி அல்ல, கால்வாசி. பிரிக்கும்போது எத்தனை பாதை என்று குறித்துக்கொள்ளாத மோட்டாரில் இந்த நான்கு மடங்கு வித்தியாசம்தான் பெரும் சேதம் செய்யும்.

அளந்து சரிபார்த்தல்

ஒரு ஓமுக்குக் கீழே சாதாரண மல்டிமீட்டரை நம்ப முடியாது. அதன் ஒயர்களுக்கே 0.2 முதல் 0.5 ஓம் இருக்கும். இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழிப்பது ஓரளவு உதவும். சரியான அளவு வேண்டுமானால் ஆம்பியர் ஓடவிட்டு வோல்ட் பாருங்கள்.

லைன் இரு முனையிலும் ஸ்டார்ட்டர், மோட்டாரிலிருந்து கழன்றிருக்க வேண்டும். போர் வாய் முனையில் சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்துக் கட்டுங்கள். மோட்டார் ரூம் முனையில் 12 வோல்ட் பேட்டரி, கார் ஹெட்லைட் பல்பு, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ரேஞ்ச் மூன்றையும் தொடராகச் சிவப்பு-மஞ்சளுக்குக் கொடுங்கள். இன்னொரு மீட்டரின் முனைகளை ஒயரின் செம்பிலேயே வைத்து வோல்ட் பாருங்கள். கிளிப்பின் மேல் வைத்தால் கிளிப் தடையும் சேர்ந்துவிடும். 3.5 ஆம்பியரும் 4.23 வோல்ட்டும் வந்தால், 4.23 ÷ 3.5 = 1.209 ஓம். இது போக வர இரண்டு கோர், பாதி 0.604. கணக்கும் லைனும் ஒத்துப்போகிறது. அடுத்து மஞ்சள்-நீலம், நீலம்-சிவப்பு. மூன்றும் ஒன்றுக்கொன்று சில சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு ஜோடி ஏறி ஒன்று மட்டும் சரியாக இருந்தால், ஏறிய இரண்டுக்கும் பொதுவான பேஸில் ஜாயின்ட் கோளாறு.

கடைசியில் மோட்டாரை ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாகப் போடுங்கள். மூன்று கோரையும் சேர்த்துக் கவ்வினால் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்டும். ஸ்டார்ட்டர் மூடியில் எழுதிய 4.8, 7.2 அருகே வந்தால் லைன் சரி. இரண்டும் 6 என்று வந்தால் 6 ஸ்கொயர் லைனில் ஜாயின்ட்டைத் தேடுங்கள். ஒன்று பூஜ்யம், மற்றது 12 என்றால் ஒரு கோர் அறுந்திருக்கிறது; மோட்டார் ஓடிக்கொண்டே இருப்பதால் இது வெளியே தெரியாது. ஓவர்லோடு ரிலேயும் காப்பாற்றாது, ஏனென்றால் அது பார்ப்பது மொத்த 12 ஆம்பியரை மட்டும். ஆகவே முதல் மழைக்குப் பிறகும், ஏர் ஓட்டிய ஒவ்வொரு முறைக்குப் பிறகும் ஆறு கோரிலும் கிளாம்ப் போட்டுப் பாருங்கள்.